எரியாத உலோகமும் வாட்டர்மன் மலையும்

2025 ஜூன் மாதம், லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு வடக்கே சான் கேப்ரியல் மலைத்தொடரில் நடைபயணம் போன ஒரு பெண் திரும்பி வரவில்லை. இடம் வாட்டர்மன் மலை. கூட வந்தவர் கொஞ்சம் முன்னால் நடந்திருக்கிறார். திரும்பிப் பார்த்தபோது பின்னால் அவர் இல்லை. ஹெலிகாப்டர், மோப்ப நாய்கள், மலை மீட்புக் குழுக்கள் என்று நாள் கணக்கில் தேடியும் கிடைக்கவில்லை.

விண்வெளித் துறைப் பொறியாளர் என்று செய்திகள் சொல்லின. ராக்கெட் எஞ்சினுக்கான உலோகங்களில் வேலை செய்யும் எங்களுக்கு அவர் மொண்டலாய் என்ற அலாயை (உலோகக் கலவையை) உருவாக்கிய இருவரில் ஒருவர். நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவர் எடுத்துக்கொண்ட பிரச்சினைதான் என் வேலையிலும் பெரும்பகுதி.

மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் எரிக்கும் எஞ்சின்களில் ஒரு வகை உண்டு. ஆக்சிஜன் முழுவதையும் முதலில் ப்ரீபர்னர் என்ற சிறிய முன் எரிகலனுக்குள் அனுப்பி, கொஞ்சமாக எரிபொருள் சேர்த்து எரிப்பார்கள். வெளிவரும் சூடான வாயுதான் பம்புகளை இயக்கும் டர்பைனைச் சுழற்றும். அந்த வாயுவில் பெரும்பங்கு ஆக்சிஜன். அழுத்தமோ மிக அதிகம்: ரஷ்யாவின் ஆர்டி-180 எஞ்சினில், பிரதான எரிகலனிலேயே 250 பாருக்கு மேல் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்), ப்ரீபர்னரில் அதைப்போல இரண்டு மடங்கு. அந்தச் சூழலில் எஞ்சினின் உலோகமே எரிபொருளாகிவிடும். எங்கிருந்தோ அடித்துவரும் ஒரு சின்ன உலோகத் துகள் சுவரில் மோதினால் போதும், தீப்பிடிக்கும்.

ரஷ்யர்கள் இதற்குப் பாகங்களின் மேல் எனாமல் பூசினார்கள். அருமையான தீர்வு, பல பத்தாண்டுகள் பறந்தும் காட்டியது. ஆனாலும் பூச்சு எங்காவது பெயர்ந்தால் அடியில் இருப்பது எரியக்கூடிய உலோகம் என்ற கவலை போகாது. பூச்சே தேவைப்படாத உலோகம் வேண்டும் என்று இறங்கியவர்களில் அவர் ஒருவர்.

இதைச் சோதிக்கும் முறை பார்க்க எளிமையாக இருக்கும். அழுத்தமான ஆக்சிஜன் நிரம்பிய கலனுக்குள் ஒரு மெல்லிய கம்பியைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, கீழ் முனையில் தீ மூட்டுவோம். தீ எவ்வளவு தூரம் மேலே ஏறியது என்று அளப்போம். தூய நிக்கல் கம்பியில் தீ ஏறாமல் அணைந்துவிடும். ஆனால் டர்பைன் தாங்க வேண்டிய சுமைக்கு அதில் வலு போதாது. இன்கோனல் 718 என்ற நிக்கல் அலாய் வலுவானது. ஆனால் அழுத்தம் ஏற ஏற அது எரிந்துகொண்டே மேலே போகும், உருகிய துளிகள் கீழே சொட்டும். முதல்முறை பார்க்கிறவர்கள் வாயடைத்துப் போவார்கள். உலோகம் எரியும் என்று படித்திருந்தாலும் கண்ணால் பார்ப்பது வேறு.

வலுவும் வேண்டும், எரியவும் கூடாது. அவர் தேடியது இதைத்தான். அமெரிக்காவில் ஆர்டி-180-க்கு மாற்றாக வடிவமைத்த ஏஆர்1 எஞ்சினில் பூச்சுக்குப் பதில் மொண்டலாய் என்று முடிவானது. அந்த எஞ்சின் கடைசியில் பறக்கவில்லை. எனக்கு அதில் இன்றைக்கும் வருத்தம்தான். நம் பக்கமும் இதே வகை எஞ்சின் உருவாகிறது. 2025 மார்ச் 28 அன்று மகேந்திரகிரியில் இஸ்ரோவின் செமி-கிரையோஜெனிக் எஞ்சினின் பாகங்களைத் தீமூட்டி இரண்டரை விநாடி இயக்கிச் சோதித்தார்கள். இரண்டரை விநாடி என்றால் சிரிக்கத் தோன்றலாம். அந்த நேரத்துக்குள் என்னென்ன எரிந்துபோக முடியும் என்று தெரிந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

அவர் காணாமல்போன செய்தி பரவியபின் கேன்டீனில் பேச்சு வேறு பக்கம் போனது. யூடியூபில் ஆளுக்கொரு கதை: உளவு, ரகசியம், கடத்தல். பயிற்சியில் இருந்த ஒரு பெண், "மேடம், உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டாள். "தோன்றுவதை எழுத நமக்கு யாரும் சம்பளம் தருவதில்லை" என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன், வேண்டுமென்றே.

உடைந்த பாகம் ஒன்று மேஜைக்கு வந்தால் முதலில் அதைத் துடைக்கக்கூடாது என்பதுதான் எங்கள் பழக்கம். முறிவுப் பரப்பை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கவும் கூடாது, உரசினால் தடயம் போய்விடும். எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்வரை அறிக்கையில் காரணம் என்ற கட்டம் காலியாக இருக்கும். மாதிரியே கிடைக்காவிட்டால் காலியாகவே கையெழுத்திட்டு அனுப்புவோம். மேலிடத்துக்கு அது பிடிக்காது, போன் வரும். சரி, வரட்டும். ஒரு பாகத்துக்கே இவ்வளவு பார்க்கிற நாம், ஒரு மனுஷியின் விஷயத்தில் அந்தக் கட்டத்தை அரட்டையால் நிரப்புவது எனக்குத் தாங்கவில்லை. அவருக்குக் குடும்பம் இருக்கிறது. நாம் கேன்டீனில் பேசுவதையெல்லாம் அவர்களும் எங்கோ வாசிக்கத்தான் செய்வார்கள்.

அந்த மலைத்தொடர் செங்குத்தானது. உதிர்ந்த பாறைத் துண்டுகள் காலை வாரும். புதர்கள் அடர்ந்த சரிவுகளில், கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதும் கண்ணுக்குப் படாமல் போகலாம். அதற்குமேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

அப்புறம் அந்தப் பயிற்சிப் பெண்ணிடம் மொண்டலாயின் காப்புரிமை ஆவணத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். மறுநாளே நல்ல கேள்வியோடு வந்தாள். எரியக்கூடாத அலாயில், நன்றாக எரியும் அலுமினியத்தையும் டைட்டானியத்தையும் ஏன் சேர்த்தார்கள்? வலுவூட்டும் நுண்படிகங்கள் நிக்கலுக்குள் உருவாக அவை இரண்டும் வேண்டும். கூடினால் எரியும், குறைந்தால் வளையும். எவ்வளவு என்பதில்தான் அவருடைய உழைப்பு முழுவதும் இருக்கிறது என்று சொல்லி, பக்கத்தில் உட்காரவைத்துக் கணக்கைத் தொடங்கினோம்.