நாகநதியும் பெரியப்பாவின் மல்லாட்டைக் கொல்லையும்

வேலூர் மாவட்டத்தில் கணியம்பாடிப் பக்கம் மானாவாரியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடும் என் பெரியப்பாவிடம் காலநிலை மாற்றம் என்று சொன்னால் சிரிப்பார். ஆனால் ஆடியில் விதைத்த செடி பூத்து விழுது இறங்கும் நேரத்தில் வாரக்கணக்கில் மழை நின்றுபோவதையும், பிறகு ஒரே இரவில் கொட்டித் தீர்ப்பதையும் அவரைவிடத் துல்லியமாகச் சொல்பவர் இல்லை. 2021 நவம்பரில் பாலாற்று வெள்ளத்தை வேடிக்கை பார்த்த கூட்டத்தில் நானும் நின்றேன். அவ்வளவு நீரும் நம் கண்முன்னே கடலுக்குப் போனது.

அந்த ஓட்டத்தை நிறுத்தி மண்ணுக்குள் இறக்க முடியும் என்பதைப் பாலாற்றின் துணையாறான நாகநதியில் பார்க்கலாம். சரிவுகளில் கற்களை அடுக்கி நீரின் வேகத்தைக் குறைத்து, படுகையில் சிமெண்ட் உறைகளை இறக்கி, நிலத்தடி நீரைச் செறிவூட்டும் கிணறுகள் அமைத்தார்கள்; மேலே இறுகிக் கிடக்கும் மண்ணைத் தாண்டி நீர் ஆழத்துக்குச் செல்ல அதுவே வழி. நூறு நாள் வேலைத் திட்டத்தில் அதற்காக உழைத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

கிணற்றில் நீர் ஏறியதும் கரும்புக்குத் தாவினால் இவ்வளவு உழைப்பும் ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்கே போய்விடும் என்பது என் கவலை. ஆறு வரிசை மல்லாட்டைக்கு ஒரு வரிசை துவரை போட்டால், ஆழமாக வேரோடும் துவரையாவது வறட்சியில் மிஞ்சும் என்பதற்குப் பெரியப்பா இந்த ஆடிக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார். கேழ்வரகைப் பற்றிப் பேசினால் மட்டும், களையெடுக்க ஆளை நீ கூட்டி வருவாயா என்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.