சூடானால் மட்டும் சார்ஜ் ஏறாத வண்டி

என் பைக்கில் சார்ஜ் ஏறாததற்குக் காரணம் கடைசியில் மேக்னட் காயில்தான், அதாவது என்ஜினுக்குள் மின்சாரம் தயாரிக்கும் கம்பிச்சுற்று. பேட்டரியும் இல்லை, அந்த மின்சாரத்தை டிசியாக்கி வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ஆர்.ஆர். (ரெகுலேட்டர்-ரெக்டிஃபயர்) யூனிட்டும் இல்லை. காட்டிய மெக்கானிக் எல்லாரும் "பேட்டரி சேஞ்ச் மாடி சார்" (கன்னடத்தில் 'பேட்டரியை மாற்றுங்கள்') என்று ஒரே பாட்டு. புதுசு போட்டும், பெங்களூரு சில்க் போர்டு நெரிசலில் கொஞ்ச நேரம் உருட்டி நிறுத்தினால் ஸ்டார்ட்டர் 'டக் டக்' என்பதோடு சரி.

காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது குறை சொல்ல எதுவுமில்லை. 5,000 ஆர்பிஎம்மில் பேட்டரி முனையில் 14.2 வோல்ட், காயிலிலிருந்து வரும் மஞ்சள் வயர் மூன்றையும் பாடி எர்த்துக்கு வைத்து ஓம் அளவு பார்த்தால் ஓப்பன், அதாவது தொடர்பே இல்லை. நன்றாகச் சூடான பிறகோ 12.4, எவ்வளவு முறுக்கினாலும் ஏறாது. ஆனால் அதே சூட்டில் காயிலையும் ஆர்.ஆர். யூனிட்டையும் இணைக்கும் கப்ளரைக் கழற்றி இரண்டிரண்டு வயராக ஏசி வோல்ட் பார்த்தால் மூன்று ஜோடியும் சமம்! இந்த இடத்தில்தான் எல்லாரும் காயிலை விட்டுவிட்டு ஆர்.ஆர். யூனிட் தலையில் பழியைப் போடுகிறார்கள்.

மஞ்சள் வயர்களுக்கு இடையே ஓம் (மின்தடை) அளவும் உதவாது. காயிலே அரை ஓம்கூட இல்லாதபோது மீட்டரின் ஒயரே பாதியைத் தின்றுவிடும். பெஞ்ச் சப்ளையிலிருந்து 1 ஆம்பியர் விட்டு மில்லிவோல்ட்டில் பார்த்தேன், மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

யோசித்துப் பார்த்தால் விஷயம் எளிது. மூன்று சுற்றும் ஒரு முனையில் ஒன்றாக இணைந்து (ஸ்டார்) பாடியைத் தொடாமல் நிற்கின்றன. ஒரே ஒரு இடத்தில் கம்பியின் காப்புப் பூச்சான வார்னிஷ் விட்டுப்போய் இரும்பைத் தொட்டாலும், கப்ளர் கழன்றிருக்கும்வரை கரன்ட் திரும்பி வர வழியில்லை, அதனால் ஜோடி அளவு மாறாது. மாட்டியதும் ரெக்டிஃபயரின் நெகட்டிவ் பக்கம் பாடியோடு சேர்ந்துவிடுகிறதே, அதிலுள்ள டையோடு (ஒரு திசையில் மட்டும் கரன்ட் விடும் பாகம்) வழியாகச் சுற்று முடிந்து, பேட்டரிக்குப் போகவேண்டிய கரன்ட் காயிலுக்குள்ளேயே சுற்றி இன்னும் சூடேற்றும்.

அதனால் வண்டியை நிறுத்திய சூட்டோடு சூடாக, சைலன்சரில் முழங்கை படாமல், எர்த் அளவைப் பார்த்தேன். காலையில் ஓப்பன் காட்டியது இப்போது 6 ஓம். ஆறிக்கொண்டே வர ஏறி ஏறி மறுபடி ஓப்பன். எந்தச் சுற்று என்று தெரிய ஒரு 12 வோல்ட் 10 வாட் இண்டிகேட்டர் பல்ப். மறுபடி சூடாக்கி, கப்ளரைக் கழற்றிவிட்டு ஐடிலிங்கில் ஒரு முனையை எர்த்திலும் மறுமுனையை ஒவ்வொரு மஞ்சள் வயரிலும் வைத்தேன். நல்ல காயிலில் எதிலும் எரியக்கூடாது. எனக்கு இரண்டில் எரிந்தது, மூன்றாவதில் சுத்தமாக இல்லை. எரியாததுதான் குற்றவாளி: அதன் முனைக்குப் பக்கத்திலேயே பாடியில் தொடுகிறது. எரியாத வயரில் டேப் சுற்றி அடையாளம் வைத்து, கவரைக் கழற்றினால், அதே வயர் போய்ச் சேரும் முதல் பல்லில் (கம்பி சுற்றியிருக்கும் இரும்பு முனை) வார்னிஷ் கருகி, ஓரத்தில் தாமிரம் பளபளக்கிறது. 20 ரூபாய் பல்ப்! மீட்டர் வைத்திருக்கும் மெக்கானிக்குகள் கவனிக்க.

ஹெட்லைட்டை அணைத்து ஓட்டினால் காயிலுக்கு ஓய்வு என்று நினைப்பவர்களுக்கு: ஷன்ட் வகை ரெகுலேட்டர் மிச்சக் கரன்ட்டை ஷார்ட் பண்ணித்தான் வோல்ட்டைப் பிடிக்கிறது, காயிலுக்கு எப்போதும் முழு வேலைதான். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் அணைக்க சுவிட்சே கிடையாது, அது வேறு. காயிலுக்கு ஓய்வு கிடைக்க, அடுத்து ஷின்டென்ஜென் எஸ்ஹெச்775 என்ற ஆர்.ஆர். யூனிட்டைப் போடும் எண்ணம். அது சீரிஸ் வகை, தேவையில்லாதபோது காயிலைத் துண்டித்துவிடும். மாட்ட இடம்தான் இன்னும் பார்க்கவில்லை.

புதுக் காயிலுக்கு ஜே.சி. ரோட்டில் சொன்ன விலைக்கு இன்னொரு பேட்டரியே வாங்கலாம். கலாசிபாளையத்தில் ரீவைண்டிங் செய்யும் தர்மபுரி அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். 180 டிகிரி தாங்கும் எச் கிளாஸ் கம்பிதான் வேண்டும் என்றதும், "தம்பி, ஆயில்ல ஊறுற காயிலுக்கு வேற எதைச் சுத்துவேன்" என்று முறைத்தார். வார்னிஷ் ஊற்றிச் சுட்டுத் தர வியாழன் ஆகுமாம். அதற்குள் கவர் கேஸ்கெட் தேட வேண்டும், பழையது கழற்றும்போதே பிய்ந்துவிட்டது.