பூதத்தின் கணக்குப் புத்தகம்

நம் கல்லூரியில் பௌதிகம் படித்தவர்களுக்கு வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி மறந்திருக்காது: தனித்து விடப்பட்ட ஒரு அமைப்பில் என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, தானாகக் குறையாது. எங்கள் சேர் அந்த விதியைச் சொல்லி முடித்த கையோடு அதை உடைக்கப் பார்க்கும் ஒரு பூதத்தையும் கரும்பலகையில் வரைந்துவிட்டார். வாயு நிறைந்த பெட்டி, நடுவில் தடுப்பு, தடுப்பில் குட்டிக் கதவு, பக்கத்தில் பூதம். வேகமான மூலக்கூறுகளை வலப்பக்கமும் மெதுவானவற்றை இடப்பக்கமும் மட்டும் போகவிட்டால், வேலை எதுவும் செய்யாமலே ஒரு பக்கம் சூடாகும், மறுபக்கம் குளிரும், என்ட்ரோபி குறையும். பௌதிகவியலாளர் மக்ஸ்வெல் 1867இல் ஒரு கடிதத்தில் கிளப்பிய கேள்வி இது.

“எங்கே பிழை?” என்று கேட்டார் சேர். கதவைத் திறக்கச் சக்தி வேண்டுமே என்றோம். அதை எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம் என்றார். மூலக்கூறைப் பார்க்க வெளிச்சம் வேண்டுமே என்றான் ஒருவன். பெரிய ஆட்களும் அப்படித்தான் சொன்னார்கள், ஆனால் விடை அதுவல்ல என்று சொல்லிவிட்டு, மேலே ஒன்றும் சொல்லாமல் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

விடை எனக்குக் கிடைத்தது பல்கலைக்கழகத்தில். 1929இல் சிலார்ட் என்ற பௌதிகவியலாளர் பெட்டியில் ஒரே ஒரு மூலக்கூறை விட்டு யோசித்தார்: அது எந்தப் பாதியில் நிற்கிறது என்று தெரிந்தாலே போதும், தடுப்பைப் பிஸ்டனாக்கிக் கொஞ்சம் வேலை வாங்கிவிடலாம். அதாவது ஒரு பிட் (இதுவா அதுவா என்ற ஒரே கேள்விக்கான விடை) தகவலுக்கு இவ்வளவு வேலை என்று கணக்கே போடலாம், அறை வெப்பநிலையில் சுமார் 3×10⁻²¹ ஜூல். 1961இல் ஐபிஎம் கணினி நிறுவனத்தில் இருந்த லாண்டவர், ஒரு பிட்டை அழித்தால் குறைந்தது அதே அளவு வெப்பம் வெளியேறியாக வேண்டும் என்றார். இரண்டையும் சேர்த்து முடிச்சை அவிழ்த்தவர் பென்னட் என்ற பௌதிகவியலாளர், 1982இல். பார்ப்பதற்குச் செலவே இல்லாமல் செய்யலாம். ஆனால் பூதம் பார்த்ததையெல்லாம் எங்கேயோ பதிந்து வைக்கிறதே, அந்த நினைவு நிரம்பிவிடும், வேலை தொடர வேண்டுமென்றால் பழையதை அழிக்க வேண்டும், அழிக்கும்போது சம்பாதித்ததெல்லாம் வெப்பமாகப் போய்விடும். அறிவதற்கு அல்ல, மறப்பதற்குத்தான் விலை! நான் படித்த பௌதிகத்திலேயே இதைவிட அழகான திருப்பம் வேறில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

2012இல் நீரில் மிதக்கும் ஒரு நுண்மணியை லேசரால் பிடித்து வைத்து, ஒரு பிட்டை அழிக்கும்போது வரும் வெப்பத்தை அளந்தே பார்த்துவிட்டார்கள். மெதுவாக அழிக்க அழிக்க வெப்பம் லாண்டவர் சொன்ன எல்லையை நெருங்கியது.

இதோடு விவாதம் முடியவில்லை. லாண்டவரின் வாதம் இரண்டாம் விதியை முன்கூட்டியே நம்பிக்கொண்டுதான் தொடங்குகிறது, பிறகு அதை வைத்தே அந்த விதியைக் காப்பாற்றினால் எப்படி என்று சில தத்துவவியலாளர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்காகப் பென்னட்டின் விளக்கத்தைக் கைவிட எனக்கு மனமில்லை. பூதம் எந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறது என்று விரல் வைத்துக் காட்டியவர் அவர்.