வங்கி நிற்கிறது, கூடாரங்கள் இல்லை

கண்ணாடித் தகட்டை உறையிலிருந்து உருவும்போது மூச்சை அடக்கிக்கொள்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அந்தக் காலத்தில் புகைப்படம் பதிவான, நூறு வயதைத் தாண்டிய கண்ணாடி அது. ஓரத்தில் ஒரு சிறு விரிசல் இருந்தால் கை வைத்த இடத்திலேயே இரண்டாகிவிடும். அமெரிக்காவின் நெவாடாவில் ஓர் ஆவணக்காப்பகத்தில் பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றுக்கும் விவரக்குறிப்பு எழுதும் வேலையில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். என் மேசைக்கு அதிகம் வருபவை பாலைவனச் சுரங்க ஊர்களின் படங்கள். பழைய பட்டியலில் பலவற்றுக்கு ஒரே தலைப்புதான்: பேய் நகரம், அதாவது மக்கள் விட்டுப்போன ஊர்.

அந்தத் தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். படம் எடுத்த அன்று அது பேய் நகரம் இல்லையே! தெருவில் குதிரை வண்டி நிற்கிறது, கடை வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள், பாதி எழும்பிய சுவரின் மேல் கொத்தனார் நிற்கிறார். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு ஊர் செத்துப்போகும் என்று அவர்களில் யாருக்குத் தெரியும்? நமக்குத் தெரிந்த முடிவை அவர்கள் நெற்றியில் எழுதி ஒட்டுவது நியாயமில்லை. ஒரு படத்துக்குத் தலைப்பு எழுதுகிறவர் அந்தப் படம் பிறந்த நாளுக்குத்தான் கடமைப்பட்டவர்.

நான் அதிகம் கையாண்ட ஊர் ரயோலைட். மரணப் பள்ளத்தாக்கு (டெத் வேலி) என்ற பாலைவனத்தின் கிழக்கு விளிம்பில் இருக்கிறது. 1904 ஆகஸ்டில் ஷார்ட்டி ஹாரிஸ், எட் கிராஸ் என்ற, தங்கம் தேடி அலைந்த இருவர் அந்தப் பக்கத்து மலையில் பச்சைத் திட்டுகள் கொண்ட தங்கக் கல்லைக் கண்டெடுத்தார்கள். தவளை முதுகுபோல இருந்ததால் அந்த இடத்துக்கு புல்ஃப்ராக் (பெரிய தவளை) என்றே பெயர் விழுந்தது. மறு ஆண்டே ரயோலைட் ஊர் முளைத்துவிட்டது. 1906இல் எஃகுத் தொழிலதிபர் சார்லஸ் ஷ்வாப் அங்குள்ள பெரிய சுரங்கமான மாண்ட்கோமரி ஷோஷோனியை வாங்கினார். மின்சாரம் வந்தது. மூன்று ரயில் நிறுவனங்கள் ஊரைத் தொட்டன. 1908இல் குக் வங்கிக்கு மூன்று மாடிக் கட்டடம் எழுந்தது, உள்ளே பளிங்குத் தரை. ஆனால் 1906 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கம் அங்கிருந்து வந்துகொண்டிருந்த முதலீட்டை உலுக்கியிருந்தது. 1907 அக்டோபரில் வந்த நிதி நெருக்கடி மிச்சத்தையும் துடைத்தது. 1911இல் சுரங்கம் மூடியது, 1916இல் மின்சாரத்தைத் துண்டித்தார்கள். கணக்குப் பார்த்தால், பிறந்த குழந்தை பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் ஊரே முடிந்துவிட்டது.

இன்று அங்கே போகிறவர்கள் வங்கியின் முகப்புச் சுவரைப் பார்க்கிறார்கள். ரயில் நிலையம் கிட்டத்தட்ட முழுதாக நிற்கிறது. டாம் கெல்லி என்பவர் காலி பாட்டில்களை அடுக்கிக் களிமண் பூசிக் கட்டிய வீடும் இருக்கிறது, சுமார் 50,000 பாட்டில்கள் என்பார்கள். இவற்றைப் பார்த்துவிட்டு, ரயோலைட் என்றால் வங்கிகளும் கற்கட்டடங்களும் நிறைந்த ஊர் என்று எண்ணித் திரும்புகிறார்கள். முதல் இரண்டு ஆண்டுகள் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

தகடுகள் வேறு கதை சொல்கின்றன. அவற்றில் நிறைந்திருப்பது கான்வாஸ் துணி. மலைச்சரிவில் வரிசையே இல்லாமல் வெள்ளை வெள்ளையாகக் கூடாரங்கள். பாலைவனத்தில் மரம் கிடையாது, ஒவ்வொரு பலகையும் வெளியிலிருந்து வர வேண்டும். அதனால் சுரங்கத்தில் இறங்கியவர்களில் பலருக்குத் துணிதான் சுவர், துணிதான் கூரை. ஊர் காலியானபோது கூடாரத்தை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மரவீடுகளைப் பிரித்து, சிலவற்றை முழுசாகவே இழுத்து, அருகிலிருந்த பீட்டி போன்ற ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள். தூக்க முடியாத கல்லும் சிமென்டும் மட்டுமே அங்கே தங்கின. இடிபாடுகளை மட்டும் பார்த்து வரலாறு எழுதினால், பணம் வைத்திருந்தவர்களின் ஊரைத்தான் எழுதுவோம்.

கேமராக்காரர்கள் கூடாரங்களைப் படமெடுக்க அங்கே போகவில்லை. பங்கு விற்கிறவர்களுக்கு, ஊர் வளர்கிறது என்று தூரத்தில் இருப்பவர்களுக்குக் காட்ட ஒரு படம் வேண்டும். ஆகவே நடுவில் வங்கி, பக்கத்தில் ஹோட்டல், பின்னால் சுரங்கத்திலிருந்து பாரம் தூக்கும் கோபுரம். ஆனால் முழு ஊரையும் காட்ட மலைமேல் முக்காலியை நிறுத்தினால், வேண்டாதவையும் தகட்டில் விழுந்துவிடும். தொழிலாளியின் வாழ்க்கை அந்தப் படங்களில் ஓரமாக, தற்செயலாக விழுந்து பிழைத்திருக்கிறது. என் வேலையே அந்த ஓரங்களைப் பார்ப்பதுதான் என்பது புரியப் பல மாதங்கள் ஆயின.

புரிய வைத்தவர் என் அப்பா. அவர் கோலார் தங்கவயலில் பிறந்தவர். தாத்தா வட ஆற்காட்டிலிருந்து போய் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஒருநாள் வீடியோ அழைப்பில் ரயோலைட்டின் அகலப் படம் ஒன்றை அப்பாவுக்குக் காட்டினேன். வங்கியைக் காட்டினேன், பெயர்ப் பலகைகளைக் காட்டினேன். அவர் எதிலும் அக்கறை காட்டவில்லை.

"ஏம்மா, இவ்வளவு பேருக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார்.

தங்கவயலுக்குப் பாலாற்றிலிருந்து, பேத்தமங்கலத்திலிருந்து தண்ணீர் வந்தது. சுரங்க ஊரில் வளர்ந்தவருக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான் போலும். எனக்கு அதுவரை அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. ரயோலைட்டில் குழாய் வருவதற்கு முன்பு தண்ணீரைப் பீப்பாயில் ஏற்றிவந்து விலைக்கு விற்றார்கள். மறுநாள் அதே ஸ்கேனைத் திறந்து, இடது கீழ்மூலையைப் பெரிதாக்கினேன். ஒரு கூடாரம். அதன் வாசலில் ஒரு பீப்பாய். பீப்பாயின் மேல் பலகை மூடி, மூடி பறக்காமலிருக்க ஒரு கல். பக்கவாட்டில் ஆணியிலோ கம்பியிலோ ஒரு குவளை தொங்குகிறது. கூடாரக் கயிற்றில் இரண்டு சட்டைகள் உலர்கின்றன, ஒன்று மிகச் சிறியது. அந்த ஊரில் ஒரு குழந்தை இருந்திருக்கிறது, அதன் சட்டையைத் துவைக்க யாரோ விலை கொடுத்த தண்ணீரைச் செலவழித்திருக்கிறார்கள். அன்று முழுவதும் என்னால் அடுத்த தகட்டுக்குப் போக முடியவில்லை.

தாத்தா வாழ்ந்த லைன் வீட்டின், அதாவது சுரங்கத் தொழிலாளர் வரிசை வீட்டின் படம் எங்கள் குடும்பத்தில் ஒன்றுகூட இல்லை. 2001 பிப்ரவரியில் தங்கவயல் மூடப்பட்டபோது அப்பா அழுதது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. யாரென்றே தெரியாத அந்தக் குடும்பத்தின் பீப்பாயை நான் அத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்தத் தொழிலில் கவனக்குறைவுக்கு மன்னிப்புக் கிடையாது. வேலையில் சேர்ந்த முதல் ஆண்டு, ஒரு தகட்டைப் பக்கம் மாற்றி வைத்து ஸ்கேன் செய்துவிட்டேன். தகட்டின் ஒரு முகம் வழவழவென்று மின்னும், ரசாயனப் பூச்சுள்ள முகம் மங்கலாக இருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். நான் அவசரத்தில் பார்க்கவில்லை. ஊர் இடம் வலமாகிவிட்டது. அந்தப் படத்தில் பெயர்ப் பலகை எதுவும் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. பதினோரு மாதங்கள் கழித்து, வேறொரு படத்தோடு மலையின் முகட்டுக்கோட்டை ஒப்பிட்டபோதுதான் தவறு பிடிபட்டது. அன்றிலிருந்து எந்தப் படத்திலும் முதலில் மலையைப் பார்க்கிறேன். கட்டடம் வரும், போகும். முகட்டுக்கோடு நூறு ஆண்டுகளில் மாறுவதில்லை.

வானத்தை மட்டும் நம்பக்கூடாது. பழைய தகடுகள் நீல ஒளிக்கு அதிகம் கூசும், சிவப்பை அநேகமாக உணராது. அதனால் வானம் வெள்ளையாக வெந்துபோகும், மேகம் மறைந்துவிடும், செம்மண் கறுத்துவிடும். இந்தப் படங்களில் தெரியும் வெறுமையில் பாதி ரசாயனத்தின் வேலை. பார்க்கிறவர்கள் அதைப் பாலைவனத்தின் சோகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

தபால் அட்டைகள் இன்னொரு சுகம். அக்காலத்தில் புகைப்படத்தை நேராகத் தபால் அட்டைத் தாளிலேயே அச்சிட்டார்கள். பின்பக்கம் செய்திக்கும் முகவரிக்குமாக இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தால், அந்த அட்டை அமெரிக்காவில் 1907 மார்ச் 1க்குப் பிறகு வந்தது என்று கொள்ளலாம். படத்தில் ஊர் செழித்திருக்கும், பின்பக்கக் கையெழுத்தில் வேலை போய்விட்டது என்று இருக்கும். ஆகையால் பின்பக்கத்தை ஸ்கேன் செய்யாமல் ஒரு அட்டையையும் நான் மூடுவதில்லை.

சென்ற மார்ச்சில், பீப்பாய் உள்ள படத்தின் பெரிய பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு ரயோலைட்டுக்குப் போனேன். வங்கியின் முன்னால் ஏழெட்டுப் பேர் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் சரிவில் ஏறினேன். பிரதியைக் கைநீட்டிப் பிடித்து, மலைமுகடு படத்தோடு பொருந்தும்வரை நகர்ந்துகொண்டே இருந்தேன். காற்று தாளைப் பிடுங்கப் பார்த்தது. பொருந்திய இடத்திலிருந்து கீழே, இடப்பக்கம் இறங்கினேன்.

சரிவில் ஒரு சிறு துண்டு நிலம் மட்டும் சமமாக இருந்தது. யாரோ வெட்டிச் சமன்படுத்திய தரை, இரண்டு கட்டில் அகலம் இருக்கும். கீழ் ஓரத்தில் மண் சரியாமலிருக்கக் கல் அடுக்கியிருந்தார்கள், அதில் மூன்று கல் இன்னும் அசையவில்லை. சுற்றிலும் துருப்பிடித்த தகர டப்பாக்கள், வெயிலில் ஊதா நிறமேறிய கண்ணாடித் துண்டுகள். மாங்கனீஸ் கலந்த பழைய கண்ணாடி நீண்ட வெயிலில் அப்படி மாறும். எதையும் எடுக்கவில்லை, எடுக்கவும் கூடாது. அது அதே கூடாரத்தின் தரைதானா என்று சத்தியம் செய்ய மாட்டேன். சமன்படுத்திய அந்தத் தரையில் நின்று அப்பாவை அழைத்தேன். சிக்னல் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை அலுவலகம் போனதும் அந்தப் படத்தின் பதிவைத் திறந்தேன். பொருள் தலைப்பில் வங்கி, ஹோட்டல், சுரங்கம் என்று இருந்தது. பேய் நகரம் என்ற தலைப்பை நீக்கினேன். கூடாரங்களை எண்ணினேன், மூன்று முறை எண்ணி மூன்று முறையும் நாற்பத்தொன்று வந்தது. "தொழிலாளர் குடியிருப்பு, 41 கான்வாஸ் கூடாரங்கள், இடது கீழ்மூலையில் தண்ணீர்ப் பீப்பாய், உலரும் குழந்தைச் சட்டை" என்று எழுதிச் சேமித்தேன். பிறகு அப்பாவுக்கு அந்த மூலையை மட்டும் வெட்டி அனுப்பினேன்.