25-ஆம் தேதி வரைக்கும்

3 நவம்பர் 2025, திங்கள்
25-ஆம் தேதி லண்டன் வெம்பிளி அரீனாவில் மை பிளடி வாலன்டைன் கச்சேரி. காதில் அடைக்க நுரைப் பஞ்சு (ஃபோம்) வேண்டாம். ஒலியைச் சீராகக் குறைக்கும் ஃபில்டர் வைத்த இயர் பிளக்தான். முடிவு பண்ணியாச்சு.

4 நவம்பர், செவ்வாய்
அவர்களுடைய ‘லவ்லெஸ்’ ஆல்பம் வந்து இன்றோடு 34 வருஷம். பாடகி பிலிண்டா புட்சரின் குரலை ரெக்கார்டிலேயே கிடாருக்கு அடியில்தான் வைத்திருக்கிறார்கள். காதைத் தீட்டினால்தான் பிடிபடும். மேடையில் இன்னும் மோசம். கிடார் நேரே மேடையில் இருக்கும் ஆம்ப்பிலிருந்து (ஆம்ப்ளிஃபையர்) வந்து அறையும்; குரலுக்கோ மேலே தொங்கும் அரங்க ஸ்பீக்கர்தான் கதி. முதல் வரிசையில் அடித்துப் பிடித்து நிற்பவர்களுக்கு ஆம்ப் கிடைக்கும், குரல் தலைக்கு மேலே போய்விடும். மிக்ஸிங் மேசைக்கு நாலடி முன்னால், நடுவாக நிற்பதே சரி. சவுண்ட் இன்ஜினியர் கேட்பதைத்தான் அங்கே நாமும் கேட்போம்.

பஞ்சு அடைத்தால் உயர் ஸ்வரங்கள் முதலில் போகும். அதோடு அந்தக் குரலும். அதனால்தான் ஃபில்டர்.

7 நவம்பர், வெள்ளி
மழை. டிக்கெட் போனில்தான் இருக்கிறது, பார்கோடு இன்னும் திறக்கவில்லை.

9 நவம்பர், ஞாயிறு
கணக்குப் போட்டதில் எல்லாம் கலைந்துவிட்டது.

அரங்கில் 110 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். கையில் இருக்கும் ஃபில்டர் பிளக்கின் எஸ்.என்.ஆர். (எத்தனை டெசிபல் குறைக்கும் என்ற எண்) 18. அட்டையில் போட்டிருப்பது சோதனைக்கூட எண். நிஜக் காதுக்கு அதில் 4 கழிக்கச் சொல்கிறது பிரிட்டனின் பணிப் பாதுகாப்புத் துறை. ஆக 14. காதுக்குள் 96.

காதுக்குக் கெடுதல் இல்லாமல் 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம். அதன் பிறகு ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி: 88-க்கு 4, 91-க்கு 2, 94-க்கு 1 மணி, 97-க்கு அரை மணி. 96 என்றால் நாற்பது நிமிஷம்கூடத் தேறாது. கச்சேரி ஒன்றரை மணி நேரமாவது போகும்.

எஸ்.என்.ஆர். 25 ஃபில்டர் வாங்கினால் காதுக்குள் 89. மூன்று மணி நேரம் தாங்கும். பஞ்சில் 35 போட்டது இருக்கிறது: 79. தாராளம், ஆனால் குரல் போச்சு.

இன்னொன்று. டெசிபலை அளப்பதில் இரண்டு முறை: பேஸைக் குறைத்து எண்ணும் ‘ஏ’, பேஸையும் சேர்த்து எண்ணும் ‘சி’. எஸ்.என்.ஆரைக் கழிக்க வேண்டியது ‘சி’-யிலிருந்து, ‘ஏ’-யிலிருந்து அல்ல. பேஸ் கனமாக இருக்கும் இசையில் ‘சி’ எப்போதும் கூடுதலாகவே காட்டும். போன் செயலியை நம்பிப் பிரயோஜனமில்லை. பல போன்களின் மைக் 100-ஐத் தாண்டும்போதே திணறிப்போய்க் குறைத்துக் காட்டும்.

10 நவம்பர், திங்கள்
25 ஆர்டர் போட்டாச்சு.

12 நவம்பர், புதன்
அந்தக் கடைசிப் பாட்டுக்கு 25 போதாது.

‘யூ மேட் மீ ரியலைஸ்’, 1988. ரெக்கார்டில் நடுவே ஒரே கோர்டைப் போட்டு இடிக்கும் இடம் ஒரு நிமிஷம்கூட இல்லை. மேடையில் அதையே கால் மணி நேரத்துக்கு மேலும் இழுத்திருக்கிறார்கள். 2008-ல் லண்டன் ரவுண்ட்ஹவுஸ் அரங்கில் வாசலிலேயே இயர் பிளக் கொடுத்ததும் சும்மா இல்லை. அந்த ஏப்ரலில்தான் வேலையிடச் சத்த விதிகள் இசை அரங்குகளுக்கும் வந்தன. அவை காப்பது பார்மேனையும் காவலாளியையும். டிக்கெட் வாங்கி நிற்பவனை இல்லை!

ஆக இரண்டும் வேண்டும். பாட்டுகளுக்கு ஃபில்டர், கடைசிக்குப் பஞ்சு. எப்போது மாற்றுவது?

13 நவம்பர், வியாழன்
இடி தொடங்கின பிறகு கழற்றினால் அந்த அரை நிமிஷம் வெறுங்காது. கூடவே கூடாது.

15 நவம்பர், சனி
வழி கிடைத்த மாதிரி இருக்கிறது. கிடார் வாசிக்கும் கெவின் ஷீல்ட்ஸ் பாட்டுக்குப் பாட்டு ட்யூனிங் மாற்றுகிறவர், அதனால் கிடாரும் மாறும். அந்த இடைவெளிதான் நம் நேரம்.

அவர் கையில் பெரும்பாலும் ஃபெண்டர் ஜாஸ்மாஸ்டர் அல்லது ஜாகுவார் கிடார். சுருதியை அசைக்கும் ட்ரெமலோ கம்பியைக் கைக்குள் வைத்துக்கொண்டே ஸ்ட்ரம் பண்ணுவார். கோர்டு மொத்தமும் லேசாகச் சாய்ந்து நிமிரும். பலர் இதை ஏதோ பெடல் வேலை என்று நினைக்கிறார்கள். கைதான். அந்தக் கிடாரை வாங்கி முயல்பவர்களுக்கு முதலில் வரும் தொல்லை பிரிட்ஜ், அதாவது தந்திகளைத் தாங்கும் பாலம். பழைய ஜாஸ்மாஸ்டரில் தந்தி உட்காரும் சாடிலின் பள்ளம் ஆழமில்லை, தந்தி அதன் மேல் அழுந்தும் கோணமும் குறைவு. மெல்லிய தந்தி போட்டு ஓங்கி அடித்தால் பள்ளத்தை விட்டுத் துள்ளும். 11 அல்லது 12 கேஜ் தடித்த தந்தி போடணும், கிடார் கழுத்தின் அடியில் மெல்லிய தகடு (ஷிம்) வைக்கணும், இல்லையென்றால் மஸ்டாங் கிடாரின் பிரிட்ஜை மாட்டணும்.

16 நவம்பர், ஞாயிறு
பஞ்சு ஒத்திகை. ஈரமில்லாத விரலால் மடிப்பு விழாமல் ஊசி மாதிரி உருட்டணும். எதிர்க் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்துச் சொருகி, 30 எண்ணும் வரை விரலை எடுக்கக் கூடாது. பாதி வெளியே துருத்தினால் 35 என்பது அட்டையில் மட்டும்தான். சோதனை: இரண்டு உள்ளங்கையாலும் காதைப் பொத்திப் பார். சத்தம் இன்னும் குறைந்தால் சரியாக உட்காரவில்லை.

இரண்டு காதுக்கும் 1 நிமிஷம் 50 விநாடி. ரொம்ப அதிகம்.

18 நவம்பர், செவ்வாய்
1:20.

20 நவம்பர், வியாழன்
1:05. இடது காதுதான் தகராறு. துவாரம் குறுகல். சின்ன சைஸ் தனியாக வாங்கணும்.

22 நவம்பர், சனி
இன்று டப்ளினில் அவர்கள் கச்சேரி. செட்லிஸ்ட் (பாட்டு வரிசை) பார்க்கப் போவதில்லை.

23 நவம்பர், ஞாயிறு
பார்த்துவிட்டேன்.

24 நவம்பர், திங்கள்
இன்று மான்செஸ்டர், நாளை நாம். செவ்வாய்க்கிழமை, இரவு முழுக்க ஓடும் ஜூப்ளி லைன் பாதாள ரயில் கிடையாது. அது வெள்ளி, சனிக்கு மட்டும். வெம்பிளி பார்க்கில் கூட்டம் நெரிந்தால் வெம்பிளி ஸ்டேடியம் ஸ்டேஷனுக்கு நடந்து மேரிலபோன் ரயிலைப் பிடிக்கலாம்.

வெம்பிளி அரீனா 1934-ல் நீச்சல் குளமாகக் கட்டினது. 48 ஒலிம்பிக்ஸில் அங்கேதான் நீந்தினார்கள். எதிரொலி எப்படியோ.

25 நவம்பர், செவ்வாய், காலை
வலப்பை: பஞ்சு, பெரியது. இடப்பை: சின்னது. பீர் வாங்கக் கூடாது, விரல் ஈரமாகும்.

இரவு 8:10
மேசைக்கு நாலடி முன்னால் இடம் கிடைத்தது. இடது ஃபில்டர் கொஞ்சம் தளர்வாக இருக்கிற மாதிரி. கழற்றித் திரும்ப வைக்கிறேன். விளக்கு