கர்ட் ஃப்ளட்டுக்காக யாரும் வரவில்லை

ஒவ்வொரு வருடமும் ஐபிஎல் ஏலத்தில் "சோல்டு" என்று சுத்தியலைத் தட்டும்போதெல்லாம் எனக்கு ஒரு பேஸ்பால் ஆட்டக்காரர் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறார். கர்ட் ஃப்ளட். தன்னைக் கேட்காமல் வேறு அணிக்குக் கொடுத்ததை எதிர்த்து வழக்குப் போட்டவர். இங்கே ஆட்டக்காரர்கள் தாங்களாகவே பெயர் கொடுத்துத்தான் ஏலத்துக்கு வருகிறார்கள், அதனால் இரண்டும் ஒன்றல்ல, தெரியும். ஆனாலும் அந்த வார்த்தை காதில் விழுந்தால் அவர் முகம்தான்.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். மைதானத்தின் வெளிப்பகுதியில், அவ்வளவு பெரிய புல்வெளிக்கு மூன்றே மூன்று பேர். நடுவில் நிற்பவர் சென்டர் ஃபீல்டர். லாங் ஆன், லாங் ஆஃப் இரண்டையும் ஒரே ஆள் தலையில் கட்டி, பின்னால் சுவர் வரைக்கும் நீயே பார்த்துக்கொள் என்று விட்டால் எப்படியோ, கிட்டத்தட்ட அப்படி. பந்து மட்டையில் பட்ட அந்த நொடியிலேயே முன்னால் ஓடுவதா பின்னால் ஓடுவதா என்று கால் முடிவு செய்துவிட வேண்டும். முதல் அடி தப்பினால் அவ்வளவுதான்.

ஃப்ளட் பிறந்தது 1938-ல், ஹூஸ்டனில். வளர்ந்தது கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில். அவர் படித்த மெக்லைமண்ட்ஸ் பள்ளியில்தான் பின்னாளில் பேஸ்பாலில் பெயர் வாங்கிய ஃபிராங்க் ராபின்சன், வேடா பின்சன், கூடைப்பந்தில் பெயர் வாங்கிய பில் ரஸ்ஸல் எல்லாரும் படித்தார்கள். அந்தப் பள்ளித் தண்ணீரில் என்ன இருந்ததோ! 1956-ல் சின்சினாட்டி ரெட்ஸ் அணி அவரை எடுத்து, பழகட்டும் என்று தென்மாநிலங்களில் ஆடும் சிறிய அணிக்கு அனுப்பியது. பதினெட்டு வயது கறுப்பினப் பையன். அந்த ஊர்களில் அணியினர் சாப்பிடும் ஓட்டலில் அவருக்கு இடமில்லை, தங்கும் இடத்திலும் இல்லை.

அந்தக் காலத்துச் சம்பவம் ஒன்றை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள். முதல் ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் வியர்வையில் நனைந்த சீருடையைக் கழற்றி ஒரே குவியலாகப் போட்டார்கள். துணி துவைக்க எடுத்துப் போக வந்தவன் குவியலில் இவருடைய சட்டையைப் பார்த்ததும் கையால்கூடத் தொடவில்லை. நுனியில் ஆணி வைத்த நீளமான குச்சியால் குத்தித் தூக்கித் தனியே எடுத்து, கறுப்பர்களுக்கு என்று ஊரின் வேறு மூலையில் இருந்த சலவைக்கடைக்கு அனுப்பினான். மற்றவர்கள் துவைத்த துணியைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டார்கள். இவர் உடுத்த ஒன்றுமில்லாமல் அறையில் உட்கார்ந்திருந்தார். துணி வந்து, மாட்டிக்கொண்டு தாமதமாக மைதானத்துக்குள் ஓடினால், கூட்டம் திட்டித் தீர்த்தது. தீண்டாமை என்ற சொல்லோடு வளர்ந்த நமக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை.

1957 கடைசியில் அவரை செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கு மாற்றினார்கள். அங்கே பன்னிரண்டு வருடம். 1964, 1967 இரண்டு தடவை வேர்ல்டு சீரிஸ் என்ற சாம்பியன்ஷிப் வெற்றி, 1963-லிருந்து 1969 வரை தொடர்ந்து ஏழு வருடம் சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு குளோவ். 1966 சீசன் முழுக்க ஒரு தப்புகூடச் செய்யவில்லை. முந்தைய சீசனின் கடைசியிலிருந்து அடுத்த சீசன் வரை, தப்பே இல்லாமல் தொடர்ந்து 226 ஆட்டங்கள்! மட்டையிலும் குறைவில்லை, மொத்தம் 1861 ஹிட் (அடித்துவிட்டு பத்திரமாக பேஸை எட்டுவது), சராசரி .293, அதாவது பத்துக்கு ஏறக்குறைய மூன்று தடவை.

இவ்வளவுக்கும் பிறகு நிறைய பேர் ஞாபகம் வைத்திருப்பது 1968-ஐத்தான். டெட்ராய்ட் டைகர்ஸுடன் வேர்ல்டு சீரிஸின் ஏழாவது, கடைசி ஆட்டம். பந்து வீசுவது பாப் கிப்சன், ஃப்ளட்டின் நெருங்கிய நண்பர். மொத்தம் ஒன்பதில் ஏழாவது இன்னிங்ஸ் வரை யாரும் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. டெட்ராய்ட் ஆட்டத்தில் இரண்டு பேர் அவுட், இரண்டு பேர் ரன்னுக்காக பேஸில் காத்திருக்கிறார்கள். ஜிம் நார்த்ரப் அடித்த பந்து நேராக சென்டர் ஃபீல்டுக்கு வருகிறது. ஃப்ளட் முன்னால் அடி எடுத்து வைக்கிறார், தப்பு என்று தெரிந்து திரும்புகிறார், ஈரப் புல்லில் கால் வழுக்குகிறது, பந்து தலைக்கு மேலே போய்விட்டது. இரண்டு ரன். டெட்ராய்ட் 4-1 என்று ஜெயித்தது. கிப்சன் அவரைக் குறை சொல்லவில்லை. ஊர் சொன்னது.

அடுத்த வருடம் 1969 அக்டோபரில் ஒரு நாள் போன் வந்தது. உங்களை ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் அணிக்குக் கொடுத்துவிட்டோம் என்று அலுவலகத்தில் யாரோ நடுமட்ட ஆள் சொன்னார். பன்னிரண்டு வருட ஆட்டக்காரரிடம் சொல்ல முதலாளிக்கோ மேனேஜருக்கோ நேரமில்லை. ஃபிலடெல்ஃபியாவிலிருந்து பதிலுக்கு வந்தவர்களில் முக்கியமானவர் டிக் ஆலன். அங்கே ரசிகர்கள் கையில் கிடைத்ததையெல்லாம் அவர் மேல் வீசியதால், ஃபீல்டிங் செய்யும்போதும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு நின்றவர் அவர். இந்த மைதானத்துக்குத்தான் ஃப்ளட் போக வேண்டும்.

அப்போது ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் 'ரிசர்வ் கிளாஸ்' என்று ஒரு பிரிவு இருந்தது. ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு. முடிந்ததும் ஆட்டக்காரர் கையெழுத்துப் போடாவிட்டாலும் அணி அதை இன்னொரு வருடம் நீட்டிக்கலாம். அந்த நீட்டித்த ஒப்பந்தத்திலும் இதே பிரிவு இருக்கிறதே, அதனால் அதையும் நீட்டிக்கலாம், அப்புறம் அதையும் என்று முதலாளிகள் அர்த்தம் செய்துகொண்டார்கள். ஆயுள் முழுக்க. ஒன்று அவர்கள் அனுப்பும் இடத்தில் ஆட வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் உட்கார வேண்டும்.

ஃப்ளட் வழக்குப் போட நினைத்தார். ஆட்டக்காரர் சங்கத்தின் மார்வின் மில்லரிடம் போனபோது அவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: ஜெயிக்க வாய்ப்பு குறைவு, ஜெயித்தாலும் உனக்குப் பலன் வராது, இனி எந்த அணியும் உன்னைத் தொடாது. மற்ற ஆட்டக்காரர்களுக்கு உதவுமா என்று மட்டும் ஃப்ளட் கேட்டார். உதவும் என்றார் மில்லர். சரி, போடுவோம். 1969 டிசம்பர் 24 தேதியிட்டு பேஸ்பால் கமிஷனர் போவி கூனுக்குக் கடிதம் போனது. என் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கி விற்க நான் சொத்து அல்ல, என்றது அது. 90,000 டாலர் சம்பளம் வாங்குபவர் இப்படிப் பேசலாமா என்று டிவியில் கேட்டதற்கு, நல்ல சம்பளம் வாங்கினாலும் அடிமை அடிமைதான் என்றார். அந்தப் பதிலுக்குத்தான் அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

என்னை உறுத்துவது தீர்ப்பைவிட 1970-ல் நியூயார்க்கில் நடந்த விசாரணைதான். சாட்சி சொல்ல ஜாக்கி ராபின்சன் வந்தார், ஹேங்க் கிரீன்பெர்க் வந்தார். இருவரும் எப்போதோ ஓய்வு பெற்ற பேஸ்பால் ஆட்டக்காரர்கள். அப்போது ஆடிக்கொண்டிருந்தவர்களில் சாட்சி சொல்ல ஒருவர்கூட வரவில்லை, பின்வரிசையில் சும்மா வந்து உட்காரவும் இல்லை. சங்கம் வழக்குச் செலவை ஏற்றது, வாக்கெடுப்பில் எல்லாரும் கை தூக்கினார்கள், அவ்வளவுதான். வேலை போய்விடும் என்ற பயம் எனக்குப் புரியாமல் இல்லை, நானும் சம்பளம் வாங்குகிறவன்தான். ஆனால் இரண்டு பேர் சேர்ந்து போயிருக்கலாமே.

1970 முழுக்க அவர் ஆடவில்லை. 1971-ல் கையில் காசில்லாமல் வாஷிங்டன் செனட்டர்ஸ் அணியில் சேர்ந்தார். 13 ஆட்டம், 7 ஹிட். பழைய கால்கள் இல்லை. முதலாளிக்கு ஒரு தந்தி அடித்துவிட்டு ஸ்பெயினுக்கு விமானம் ஏறினார்.

1972 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5-3 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பேஸ்பாலுக்கு மட்டும் வணிகப் போட்டிச் சட்டத்திலிருந்து விலக்கு இருப்பது முரண்தான் என்று ஒப்புக்கொண்டு, ஆனாலும் 1922-லிருந்து இப்படித்தான், வேண்டுமானால் நாடாளுமன்றம் மாற்றட்டும் என்றார்கள். தீர்ப்பை எழுதிய நீதிபதி பிளாக்மன் ஆரம்பத்திலேயே பழைய நட்சத்திரங்கள் எண்பதுக்கும் மேற்பட்டவர்களின் பெயரை ரசித்து ரசித்து அடுக்கியிருக்கிறார். கூட இருந்த இரண்டு நீதிபதிகளே அந்தப் பகுதியில் சேர மறுத்துவிட்டார்கள். ஒருவருடைய பிழைப்பு போகிறது, இவருக்கு ரசிகர் மன்றம்.

மூன்றே வருடம். 1975 டிசம்பரில் ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்னாலி என்ற இரண்டு ஆட்டக்காரர்கள் விஷயத்தில், தகராறைத் தீர்த்துவைக்கும் மத்தியஸ்தர் பீட்டர் சைட்ஸ், ரிசர்வ் கிளாஸ் ஒரு வருடத்துக்குத்தான் என்று சொல்லிவிட்டார். கதவு திறந்தது, சம்பளம் எங்கோ போனது. ஃப்ளட் இந்த வருடங்களில் ஸ்பெயினின் மயோர்கா தீவில் மதுக்கடை நடத்தி, அதைவிட அதிகமாகக் குடித்து, பிறகு அதையும் இழந்து ஓக்லாந்துக்குத் திரும்பினார். மீண்டு வரப் பல வருடம் ஆனது. 1986-ல் நடிகை ஜூடி பேஸை மணந்தார். 1997 ஜனவரியில், 59 வயதில், தொண்டைப் புற்றுநோயோடு இருந்தவரை நிமோனியா கொண்டுபோனது. அடுத்த வருடம் அவர் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. பேஸ்பால் மேதைகளைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இன்னும் இடமில்லை.

1994-ல் ஆட்டக்காரர்களின் ஸ்ட்ரைக் நடந்தபோது அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். லட்சக்கணக்கில் டாலர் வாங்குகிறவர்கள் நிறைந்த கூட்டம். அவரைப் பார்த்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நியூயார்க் கோர்ட்டில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தபோது, அங்கே இருந்தவர்களில் சிலர் பிறந்தே இருக்கமாட்டார்கள்.