நாலரை மீட்டர் துணி

ஜூன் 2, திங்கள்

பிள்ளைகளுக்கு பாக்ஸிங் சொல்லித்தர இடம் கேட்டதற்கு ஜிம் ஓனர் நேற்று போனில் சொன்னது இவ்வளவுதான்: "சாயந்தரம் அஞ்சரையிலிருந்து ஏழு வரைக்கும் பின்னாடி ஷெட்டு சும்மாதாங்க கெடக்குது, எடுத்துக்கங்க." சம்பளம் கிடையாது. நானும் கேட்கவில்லை.

சேலம் அம்மாப்பேட்டை பக்கத்திலிருந்து எட்டுப் பேர் வந்தார்கள். ஐந்து பையன்கள், மூன்று பெண்கள். ஒரு பஞ்சிங் பேக், இரண்டு ஜோடி கிளவுஸ். காலேஜில் நாலு வருஷம் ஆடினேன், ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகம். அது தெரியாமல் எல்லோரும் "மாஸ்டர்" என்கிறார்கள்.

ஆர்வத்தில் ஜாப், கிராஸ், ஹுக் என மூன்று குத்தையும் ஒரே நாளில் காட்டிவிட்டேன். ஏழு மணிக்கு ஒருத்தருக்கும் ஒன்றும் வரவில்லை. என் தோள் மட்டும் வலிக்கிறது.

ஜூன் 4, புதன்

இன்று குத்தே கிடையாது, நிற்க மட்டும்தான். லெஃப்ட், ரைட் என்றால் தடுமாறுகிறார்கள். "பீச்சாங்கை முன்னாடி, சோத்தாங்கை தாடைக்கிட்ட" என்றேன், டக்கென்று நின்றார்கள். ஒருத்தன் மட்டும் தலைகீழ். திருத்தினேன். நான் நகர்ந்ததும் மறுபடி தலைகீழ். மூன்றாம் தடவைதான் கேட்கத் தோன்றியது. எழுதுவது, பந்து எறிவது, கேரம் அடிப்பது எல்லாம் இடது கையாம். "சோறு மட்டும் பாட்டி அடிச்சு மாத்திட்டாங்க மாஸ்டர்."

சவுத்பா! இடது கைக்காரன் சோத்தாங்கையை முன்னால் வைத்து நிற்பது. எதிரே நிற்பவனுக்கு எரிச்சல் மூட்டவே பிறந்த நிலை அது. நானும் ஒரு பாட்டியாகப் பார்த்தேனே.

ஜூன் 9, திங்கள்

கிளவுஸ் போடும் முன் கையில் துணி சுற்றிக் கட்டுவதற்கே முழு வகுப்பும் போனது. கட்டைவிரலில் வளையத்தை மாட்டி, புறங்கை வழியாக இறக்கி, மணிக்கட்டில் மூன்று சுற்று. விரல்களை நன்றாக விரித்துக்கொண்டு முட்டிகள் மேல் மூன்று சுற்று. பிறகு விரலிடுக்குகளில் ஒவ்வொன்றாக நுழைத்து எடுத்து, மீதியை மறுபடி மணிக்கட்டில் முடிக்க வேண்டும். முஷ்டி மடக்கினால் இறுகணும், விரித்தால் உறுத்தக் கூடாது. விரல்நுனி வெளுத்தால் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து. ஒரு கையில் 27 எலும்பு, எல்லாம் சின்னச் சின்னது. அதற்காகத்தான் இத்தனை சுற்றும்.

இருப்பது என் பழைய கைக்கட்டுத் துணி இரண்டு ஜோடி. எட்டுப் பேர் மாறி மாறிக் கட்டியதில் வந்த நாற்றத்தை எழுதப் போவதில்லை. "எங்கப்பா தறி ஓட்டறாருங்க மாஸ்டர், துணி கேட்டுப் பாக்கறேன்" என்றாள் ஒருத்தி. தலையாட்டிவிட்டு மறந்துவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

இன்று நடந்தது என் தப்பு. சண்டை விடச் சொல்லி ஒரு வாரமாக நச்சரிப்பு. சவுத்பா பையனையும் பெரியவனையும் "லேசா, சும்மா தொட்டுக்கங்க" என்று இறக்கினேன். எடை பார்க்கவில்லை. அரை நிமிஷத்தில் சின்னவன் மூக்கில் ரத்தம்.

"தலையைப் பின்னாடி சாய்டா!" என்று நாலு பேர் கத்தினார்கள். அதைத்தான் செய்யக் கூடாது, ரத்தம் தொண்டைக்குள் போகும். முன்னால் குனிய வைத்து, மூக்கின் மெத்தான பாகத்தைப் பத்து நிமிஷம் விடாமல் பிடித்திருந்தேன். நின்றது. தலைவலி, மயக்கம், குமட்டல் ஒன்றும் இல்லை.

குகை ஏரியாவில் இருக்கும் அவன் வீட்டுக்கு நானே கொண்டுபோய் விட்டேன். அவன் அம்மா கத்தவில்லை. "நீங்க இருக்கீங்கன்னுதானே அனுப்பறோம்" என்றார். கத்தியிருக்கலாம்.

ஜூன் 18, புதன்

எல்லோரையும் எடை மெஷினில் ஏற்றி நோட்டில் எழுதினேன். நேற்று இறங்கியவர்களில் ஒருவன் 46 கிலோ, ஒருவன் 58. இரண்டு மாதத்துக்கு யாரும் யாரையும் தொடக் கூடாது என்றேன். முகங்கள் தொங்கின.

தறிக்காரர் மகள் விடவில்லை. "மேரி கோம் மட்டும் பெரிய வெயிட்ல ஆடலையா மாஸ்டர்?" ஆடினார்தான். உலகப் பட்டங்களை 45, 46, 48 கிலோவில் ஜெயித்தவர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு ஆகக் குறைந்த எடையே 51 என்பதால் அதில் இறங்கி வெண்கலம் எடுத்தார். ஆனால் எதிரே நின்றவர்களும் அதே 51-தானே. கொஞ்சம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டாள்.

அடுத்த கேள்வி ஹெட்கார்டு, தலைக்குப் போடும் கவசம். 2016 ரியோவிலிருந்து ஒலிம்பிக்கில் ஆண்கள் போடுவதில்லை, நமக்கு எதற்காம். புருவம் கிழியாமல் காக்கும், மண்டைக்குள் மூளை குலுங்குவதை அது நிறுத்தாது என்றேன். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் கொஞ்சம் அடங்கினார்கள்.

ஜூன் 28, சனி

அவள் அப்பா ஷிப்ட் முடிந்து நேராக வந்தார், சட்டையில் பஞ்சு. மஞ்சப்பையைக் கவிழ்த்தார். எட்டு ஜோடி. இரண்டு இன்ச் அகலம், நாலரை மீட்டர் நீளம், ஓரம் மடித்துத் தைத்து, முனையில் வெல்க்ரோ, மறுமுனையில் வளையம். "வெட்டின ஓரம் பிசிறு உட்டுருமுங்க, அதான் மடிச்சு அடிச்சேன். வளையம் சின்னதா இருந்தா சொல்லுங்க." காசு என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒரு ஜோடிக்கு மட்டும் அரக்குக் கரை. துணி பத்தவில்லையாம். அதற்குத்தான் இப்போது அடிதடி. மூன்று நிமிஷம் கயிறு தட்டாமல் ஸ்கிப்பிங் ஆடுகிறவருக்கு என்று சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு அதிகபட்சம் ஒரு நிமிஷம் நாற்பது, சவுத்பா பையன்.